பழைய பஸ்ஸுக்குப் புது சைடு மிரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரூரில் பாடி கட்டிய பழைய லேலண்ட் வைக்கிங் எங்களுடையது. ரூட்டிலும் கல்யாண டிரிப்பிலும் ஓடி ஓய்ந்தபின் பங்காளிகள் நாலு வீட்டுக்கும் பொதுவாகக் காரைக்குடியில் நிற்கிறது. சீட்டில் பாதியைக் கழற்றிவிட்டு நாலு படுக்கை, ஒரு சின்ன அடுப்படி, கூரையில் தண்ணீர்த் தொட்டி, க்ளீனர் பக்கம் (இடது பக்கம்) இழுத்து விரிக்கும் வெயில் மறைப்பு என்று மாற்றியிருக்கிறோம். இளையாத்தங்குடியில் ஆரம்பித்து நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலையும் சுற்றிவர இதுதான் வண்டி. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களுக்குப் பின்னால் சாமான் ஏற்றிப் போவதும் இதுதான்.

இந்த வண்டிக்கு மூன்று தடவை மிரர் மாற்றினோம். முதல் இரண்டும் தண்டச் செலவு. பிள்ளையார்பட்டியில் வண்டியை நிறுத்தினால் இதே மாதிரி பழைய பஸ் வைத்திருக்கிறவர்கள் வந்து மிரரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கண்ணாடி உடையவில்லை, பின்னால் வருவதும் தெரிகிறது. எதற்காக மாற்றவேண்டும்?

ரூட் பஸ்ஸாக இருந்தபோது டிரைவருக்கு மூன்று கண் இருந்தன. இரண்டு பக்கத்துக் கண்ணாடி, உள்ளே தலைக்குமேல் ஒரு கண்ணாடி. அது போதாதென்று பின் படிக்கட்டில் நின்று விசில் கொடுக்கக் கண்டக்டர் வேறு. வீடாக மாற்றியபிறகு பின் கண்ணாடியை அலமாரியோ படுக்கையோ மறைத்துவிடுகிறது. உள் மிரரில் திரைச்சீலைதான் தெரியும். விசில் கொடுக்கவும் ஆள் இல்லை. மிச்சம் இருப்பது வெளியே இருக்கும் இரண்டே கண்ணாடி. அன்றைக்குப் போதுமாக இருந்தது இன்றைக்குப் போதாது.

இது தவிர மூன்று அடையாளம் பாருங்கள். ஓரத்தில் கறுப்பு படர்ந்து உள்ளே வந்திருந்தால் ரசம் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அது திரும்பாது. என்ஜின் நியூட்ரலில் ஓடும்போது பின்னால் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க முடியவில்லை என்றால் ஆர்ம் (மிரரைப் பாடியோடு பிடித்திருக்கும் கம்பி) தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பிறகு கையை நீட்டிக் கண்ணாடியைச் சரிசெய்கிறீர்கள் என்றால் முட்டி (மிரர் திரும்பி மடங்கும் மூட்டு) தேய்ந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரேயடியாக மாற்றப் பணம் இல்லை. எந்தப் பக்கம் முதலில்?

க்ளீனர் பக்கம். யோசிக்கவே வேண்டாம்.

எல்லாரும் டிரைவர் பக்கத்தைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகுதான் புத்தி வந்தது. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். டிரைவரின் கண்ணிலிருந்து வலது கண்ணாடி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். இடது கண்ணாடி பஸ்ஸின் முழு அகலத்தையும் தாண்டி, ஏறக்குறைய 2.5 மீட்டர். இரண்டிலும் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே மாதிரி சமதளக் கண்ணாடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் பின்னால் வலது கண்ணாடி 5.2 மீட்டர் அகலத்தைக் காட்டும். இடது கண்ணாடி காட்டுவது 1.8 மீட்டர். அவ்வளவுதான். சன்னலை எட்டத்தில் நின்று பார்த்தால் வெளியே கொஞ்சம்தான் தெரியும், கிட்டப் போனால் தெருவே தெரியும் என்பது மாதிரி.

நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். அதில் பாதியைக் காட்டும் கண்ணாடியை நம்பித்தான் பல பழைய பஸ் இடது பக்கம் ஒதுங்குகிறது. நம் பக்கத்தில் இடது ஓரத்தில் யார் வருகிறார்கள்? டி.வி.எஸ். 50, சைக்கிள், ஆடு, தை மாதம் என்றால் விடியற்காலை இருட்டில் நடந்துபோகும் பாதயாத்திரைக்காரர்கள். குன்றக்குடி சாலையில் அந்த நாட்களில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சமதளக் கண்ணாடியா, வெளியே புடைத்த கண்ணாடியா?

புடைத்த கண்ணாடி (பள்ளிக்கூடத்தில் குவி ஆடி என்று படித்தது) அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கும். சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருப்பதாக மூளை நினைத்துக்கொள்ளும். அதுதான் அதன் ஆபத்து.

எவ்வளவு சின்னதாகும் என்பது வளைவை மட்டும் பொறுத்ததல்ல, கண்ணிலிருந்து கண்ணாடி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பல கடைக்காரர்களுக்கே இது தெரியவில்லை. 1200 மில்லிமீட்டர் வளைவு ஆரம் உள்ள ஒரே கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் பின்னால் வரும் லாரி, வலது பக்கத்தில் மாட்டினால், சமதளத்தில் தெரிவதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். அதே கண்ணாடியை இடது பக்கம் மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அங்கே பார்வை அகலம் 1.8 மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்கு மேல் போகும்.

நாங்கள் கடைசியில் வைத்தது இதுதான். வலது பக்கம் பெரிய சமதளக் கண்ணாடி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு புடைத்த கண்ணாடி. ஓவர்டேக் செய்ய வருகிறவனின் வேகத்தைச் சமதளத்தில்தான் சரியாகக் கணிக்க முடிகிறது என்பது எங்கள் டிரைவர் அண்ணனின் பிடிவாதம், அதில் நியாயமும் இருக்கிறது. இடது பக்கம் 1200 ஆரத்தில் பெரியது ஒன்று, அதற்குக் கீழே 300 ஆரத்தில் நன்றாகப் புடைத்தது ஒன்று. கீழே இருப்பதில் தூரத்தைக் கணிக்கக்கூடாது. ‘யாராவது இருக்கிறார்களா, இல்லையா’ என்ற ஒரு கேள்விக்குத்தான் அது.

இந்த 1200, 300 என்ற எண்கள் நான் கண்டுபிடித்ததல்ல. மிரர்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 46, பெரிய வாகனங்களின் பிரதான கண்ணாடிக்கு 1200 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆரமும், அகலப் பார்வைக் கண்ணாடிக்கு 300-க்குக் குறையாத ஆரமும் வேண்டும் என்கிறது.

கடையில் ஆரம் எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறார்கள். நாமே அளக்க முடியுமா?

முடியும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். ஸ்கேலின் நடுப்பகுதி கண்ணாடியில் படும்படி வைத்து, இரண்டு முனையிலும் சமமான இடைவெளி வருமாறு பிடியுங்கள். முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இருந்தால் ஆரம் ஏறக்குறைய 1200. 17 மில்லிமீட்டர் இருந்தால் 300. இடையில் எது வந்தாலும் இடைப்பட்ட ஆரம். பிரதான கண்ணாடி என்று சொல்லி 10 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதை நீட்டினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.

வளைவு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க நம் ஊரில் ஒரு நல்ல வசதி உண்டு, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. கண்ணாடியைக் கையில் பிடித்து அந்தக் கட்டம்போட்ட தரையை அதில் பாருங்கள். சமதளத்தில் கோடு கோடாகவே இருக்கவேண்டும். புடைத்ததில் கோடுகள் வில் மாதிரி ஒரே சீராக வளையவேண்டும். நடுவில் எங்காவது நெளிந்தால், உடைந்து சேர்ந்தால், அந்தக் கண்ணாடி ஓடும் வண்டியில் தலைவலிதான் தரும். ஆத்தங்குடிக் கல்லே கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதால்தான் அந்த வழவழப்பு வருகிறது. கண்ணாடியால் பிறந்த கல்லை வைத்துக் கண்ணாடியைச் சோதிப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

முழு மிரரும் மாற்றவேண்டுமா? கண்ணாடியை மட்டும் வெட்டி ஒட்டினால் போதாதா?

மிரரின் வெளிக்கூடும் ஆர்மும் நன்றாக இருந்தால் கண்ணாடி மட்டும் மாற்றலாம். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, பீரோவுக்கும் சலூனுக்கும் கண்ணாடி வெட்டும் கடையில் கிடைப்பது சமதளம் மட்டும்தான். புடைத்ததை வெட்டி எடுக்க முடியாது, செய்ததை வாங்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, ஒட்டும் பசை. எங்கள் இரண்டாவது தண்டச் செலவு இதில்தான். ஒரு பட்டறையில் பழைய கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் புதியதை சிலிகான் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பசை காயும்போது காடி மாதிரி புளித்த வாடை அடித்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை முடிவதற்குள் கண்ணாடியில் பசை போட்ட இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்துவிட்டது. அந்தப் புளிப்பு வாடை அசிட்டிக் அமிலம். கண்ணாடியின் முதுகில் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் அதன்மேல் அடித்த பெயின்டையும் அது அரித்துவிடும். கேட்டு வாங்கவேண்டியது ‘நியூட்ரல்’ என்று குழாயில் எழுதியிருக்கும் சிலிகான். அதில் அந்த வாடை வராது.

எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஐயா காலத்து பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஓரத்தில் மட்டும் ரசம் லேசாகக் கருத்திருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டவில்லை, தேக்குச் சட்டத்தில் காற்றோட்டமாக உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்று தலைமுறை தாண்டிய கண்ணாடி வீட்டுக்குள், மூன்று மாதம் தாண்டாத கண்ணாடி வாசலில். ஆச்சி இதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

ஒட்டும்போது ஓரம் முழுக்க அடைத்துவிடாதீர்கள். கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் சின்ன இடைவெளி விட்டால் உள்ளே போன தண்ணீர் வடியும்.

வண்டி நின்றுகொண்டு என்ஜின் ஓடும்போது கண்ணாடி தந்தி அடிக்கிறது. புது மிரர் போட்டால் நிற்குமா?

நிற்காது. தந்தி அடிப்பது ஆர்ம், கண்ணாடி அல்ல. முதல் தடவை நாங்கள் செய்த தப்பும் இதுதான். பளபளவென்று பெரிய மிரர் வாங்கிப் பழைய ஆர்மிலேயே மாட்டினோம். பழையதைவிடக் கனம் கூடுதல், ஆட்டமும் கூடுதல்.

ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் கம்பியின் நீளத்தை இரட்டித்தால் அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு வளையும். ஆகவே ஆர்ம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளம் தவிர்க்க முடியாது என்றால் மேலும் கீழும் இரண்டு இடத்தில் பாடியைப் பிடிக்கும் ஆர்மாக வாங்குங்கள். அல்லது முக்கோணமாக ஒரு தாங்குகம்பி கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஆர்ம் எதைப் பிடித்திருக்கிறது என்பது. எங்கள் வண்டியில் வெறும் அலுமினியத் தகட்டைத்தான் பிடித்திருந்தது. தகடு மூச்சு விடுவது மாதிரி உள்ளே வெளியே போய்வந்தது. உள்பக்கப் பேனலைக் கழற்றி, முன் தூணின் இரும்புப் பைப் எங்கே இருக்கிறது என்று பார்த்து, 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைப் பின்பக்கம் வைத்து, பைப்பையும் சேர்த்து நாலு போல்ட்டில் பிடித்தோம். பைப்பின் ஊடே போல்ட் விடும்போது உள்ளே ஒரு சின்னக் குழாய்த் துண்டைச் செருகவேண்டும். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பைப் நசுங்கும், நாலு நாளில் போல்ட் மறுபடி தளரும். அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வையுங்கள், பழைய லாரி டியூப் வெட்டினாலே போதும். இரண்டு உலோகமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் மாவாக உதிரும். நட்டு, நைலான் வளையம் உள்ள நட்டாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபிறகு பழைய கண்ணாடியையே மாட்டிப் பார்த்தோம். நம்பர் பிளேட் படிக்க முடிந்தது. பணத்தை முதலில் எங்கே போட்டிருக்கவேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

துருப்பிடித்த பழைய போல்ட் கழலவே மாட்டேன் என்கிறது.

முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு விடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் கிரைண்டரில் தலையை வெட்டிவிடுவதுதான் மரியாதை. சம்மட்டியால் அடித்தால் தூண் வளையும். கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம், உள்ளே ஒயர் போகிறது, வீடாக மாற்றிய வண்டியில் தெர்மோகோலும் பிளைவுட்டும் இருக்கிறது.

புது ஏசி பஸ்களில் கொம்பு மாதிரி முன்னால் தொங்குகிறதே, அது மாட்டலாமா?

பார்க்க அழகு. உபயோகமும் உண்டு. டிரைவர் கழுத்தைத் திருப்பாமல் முன் கண்ணாடி வழியாகவே இரண்டையும் பார்க்கலாம். ஆனால் அந்த பஸ்களின் முகப்பு அந்தக் கனத்துக்காகவே உள்ளே சட்டம் கொடுத்துச் செய்தது. நம் பழைய பாடியில் முன் ஷோ (முகப்பு) ஃபைபராக இருந்தால் அப்படியே மாட்டக்கூடாது, ஆறு மாதத்தில் மூலையில் கீறல் விடும். உள்ளே குறுக்குச் சட்டம் வெல்டிங் செய்துகொள்ளத் தயார் என்றால் மட்டும் இறங்குங்கள்.

இன்னொன்று, நம் சாலைகளின் புளியமரங்கள். தாழ்ந்த கிளை முதலில் தொடுவது இந்தக் கொம்பைத்தான். பக்கவாட்டு மிரர் கிளை பட்டால் முட்டியில் மடங்கிக்கொள்ளும். கொம்பு மடங்காது, முறியும். எங்கள் வண்டிக்கு நான் வேண்டாம் என்றேன். பங்காளிகளில் ஒருவருக்கு இன்னும் அந்த மனத்தாங்கல் இருக்கிறது.

கண்ணாடி எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம்?

பஸ்ஸின் அகலம் நம் விதிப்படி அதிகபட்சம் 2.6 மீட்டர். மேலே சொன்ன ஐ.நா. ஒழுங்குமுறை, ஆள் தலை படும் உயரத்தில் இருக்கும் கண்ணாடி பாடியைவிட 25 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டக்கூடாது என்கிறது. அதையே நாங்களும் அளவாக வைத்துக்கொண்டோம். பக்கத்துக்கு 25 என்றால் மொத்தம் 3.1 மீட்டர். கானாடுகாத்தான் பெரிய வீதிகளில் இது ஒன்றுமில்லை. அங்கே தெருவைக் கோடு போட்டு அகலமாகத்தான் விட்டிருக்கிறார்கள். கோயில் தேரோடும் வீதி தாண்டிச் சந்துக்குள் திரும்பும்போதும், திருவிழாப் பந்தல் கால் நட்டிருக்கும்போதும்தான் சிக்கல். அதனால் கையால் தள்ளினால் முன்னும் பின்னும் மடங்கும் முட்டி கட்டாயம் வேண்டும். இறுக்கம், ஒரு ஆள் இரண்டு கையால் தள்ளினால் மடங்கும் அளவுக்கு இருக்கட்டும். அதற்குமேல் இறுக்கினால் இடிக்கும்போது கண்ணாடி போகாது, தூண் போகும்.

வெயில் மறைப்பு வைத்தபிறகு இடது பக்கம் பாதி மறைகிறது.

இது மாற்றிக் கட்டிய வண்டிக்கே உரிய தொல்லை. சுருட்டி வைத்த மறைப்பு பாடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணாடி அதற்கு உள்ளே இருந்தால் மறைப்பின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். வழி இரண்டு. ஆர்மை நீட்டலாம், ஆனால் ஆட்டம் கூடும் என்று சொல்லிவிட்டேன். அதைவிட நல்லது கண்ணாடியை மறைப்புக்குக் கீழ் மட்டத்தில் இறக்குவது. மறைப்பு கூரையோரம் இருக்கும், கண்ணாடி சன்னல் மட்டத்தில் இருந்தால் அதன் அடியில் பார்வை போய்விடும். பின் ஏணி, ஏசியின் வெளிப்பெட்டி எதையாவது பக்கவாட்டில் மாட்டுகிறவர்கள் அதற்கு முன்னாலேயே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

மழையில் இடது கண்ணாடி தெரியவே இல்லை. கண்ணாடியில் கோளாறா?

இல்லை. நீங்கள் எதன் வழியாக அதைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். முன் கண்ணாடியில் வைப்பர் துடைக்காத மூலை வழியாகப் பார்த்தால் மழையில் குருடுதான். மிரரைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்து வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் வரும்படி செய்யவேண்டும், அல்லது பின்னே தள்ளி முன்கதவுக் கண்ணாடி வழியாகத் தெரியும்படி செய்யவேண்டும். கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சாமி படம், ‘துணை’ ஸ்டிக்கர், கறுப்புத் தாள் எல்லாவற்றையும் அந்த ஒரு இடத்திலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பொத்தானை அழுத்தினால் திரும்பும் மிரர் போடலாமா? சூடாகும் கண்ணாடி வேண்டுமா?

இடது பக்கத்துக்கு மோட்டார் வைத்தது நல்ல காசு. டிரைவர் மாறும்போதெல்லாம் ஒருவர் கீழே இறங்கி ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று திருப்புகிற வேலை மிச்சம். வலது பக்கத்துக்கு அவசியமில்லை, கை எட்டும்.

ஆனால் நம் வண்டி 24 வோல்ட். கடையில் இருப்பதில் பாதி காருக்கான 12 வோல்ட். ஒரு கடையில் ‘ரெண்டுக்கும் ஓடும்ணே’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே நிமிடத்தில் கருகிய வாடை வந்தது. மோட்டாரின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 12 வோல்ட்தான் கிடைத்தது என்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து 12 எடுக்கிற வேலை வேண்டாம். ஒரு பேட்டரி எப்போதும் பசியோடும் இன்னொன்று அளவுக்குமேல் சார்ஜாகியும் கிடந்து இரண்டும் சீக்கிரம் போய்விடும். ஃபியூஸ் தனியாக இருக்கட்டும்.

சூடாகும் கண்ணாடி, பனி மூடும் ஊருக்கு. கொடைக்கானல், மூணாறு என்று அடிக்கடி போகிறவர்களுக்கு உதவும். சித்திரை வெயிலில் கை வைத்தால் சுடும் கண்ணாடிக்கு நம் ஊரில் இன்னொரு சூடு எதற்கு?

ஒட்டுகிற சின்ன வட்டக் கண்ணாடி போதாதா?

வலது பக்கத்துக்குச் சரி. இடது பக்கம் 2.5 மீட்டர் தள்ளி இரண்டு அங்குல வட்டத்தில் தெரிவது எறும்பா ஆளா என்று சொல்ல முடியாது.

கேமரா வைத்துவிட்டால்?

ஐரோப்பாவில் சில புதிய வண்டிகளில் மிரரே இல்லாமல் கேமராவும் திரையும்தான். அது வேறு தரம், வேறு விலை. நமக்குக் கிடைக்கும் கேமராவை ரிவர்ஸுக்கு மட்டும் நம்புங்கள். பின்சுவர், தூண், தூங்கும் நாய் எல்லாம் அதில் தெரியும், கண்ணாடியில் தெரியாது. ஆனால் செம்மண் சாலையில் நாலு கிலோமீட்டர் போனால் லென்ஸ் சிவந்துவிடும். ரிவர்ஸ் எடுக்கும்முன் அதைத் துடைக்கத்தான் பின்னால் ஒரு ஆள் இறங்கவேண்டியிருக்கிறது. இறங்கியவர் அங்கேயே நின்று ‘வரலாம் வரலாம்’ என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

முன்பக்கத்துக்குத் தனிக் கண்ணாடி வேண்டுமா?

வேண்டும். பஸ்ஸின் மூக்குக்கு நேர்கீழே நிற்கும் குழந்தை, டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. கோயில் வாசலில் நிறுத்தினால் அங்கேதான் கூட்டம் நிற்கும். மேல் மூலையிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் புடைத்த கண்ணாடி ஒன்று, விலையும் அதிகமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பேரம் பேசினோம், இதற்குப் பேசவில்லை.

எஃப்.சி.யில் (வண்டியின் தகுதிச் சோதனையில்) தகராறு வருமா? ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைப் பற்றியது. சீட் எண்ணிக்கை, பாடி வகை மாறினால் அனுமதி வாங்கி எழுதவேண்டும். பஸ்ஸை வீடாக்கியவர்கள் அதை ஏற்கனவே முடித்திருக்கவேண்டும். மிரருக்கு ஆர்.சி.யில் கட்டம் இல்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் வருவது டிரைவருக்குத் தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி வேண்டும் என்கின்றன. கண்ணாடியின் தரத்துக்கு ஏ.ஐ.எஸ். 001, பொருத்தும் முறைக்கு ஏ.ஐ.எஸ். 002 என்று தரநிர்ணயம் இருக்கிறது. போக்குவரத்து வாகனமாகப் பதிவில் இருந்தால் எட்டு வருடம் தாண்டியபின் எஃப்.சி. வருடா வருடம். ரசம் போன கண்ணாடியோடு போய் நிற்காதீர்கள்.

எங்கே வாங்குவது?

சாதாரண மிரர் ஹெட், முட்டி, கிளாம்ப் எல்லாம் காரைக்குடி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே கிடைக்கிறது. இரட்டைக் கண்ணாடி செட், மோட்டார் வைத்தது என்றால் திருச்சி, மதுரை. ஆர்ம் செய்யவேண்டும் என்றால் கரூர் போவது வீண் அலைச்சல் அல்ல. பஸ் பாடிக்குப் பேர்போன ஊர், உங்கள் தூணைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே பைப் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கிளம்பும்முன் பழைய ஆர்ம் குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ‘கட்டைவிரல் கனம்’ என்று சொல்லி வாங்கிவந்த கிளாம்ப் இரண்டு எங்கள் டூல்ஸ் பெட்டியில் சும்மா கிடக்கின்றன.

மாட்டியபின் எப்படிச் சரிபார்ப்பது?

மட்டமான திடலில் நிறுத்துங்கள். வழக்கமாக ஓட்டுகிறவரே சீட்டில் உட்காரவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. பெரிய கண்ணாடியின் உள் ஓரத்தில் நம் பாடி ஒரு விரல் அகலம் தெரிந்தால் போதும், அதற்குமேல் தெரிவது வீண். தொடுவானம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். கீழே உள்ள புடைத்த கண்ணாடியில் பின்சக்கரம் தரையைத் தொடும் இடமும், முன்கதவுப் படியோரத்துத் தரையும் தெரியவேண்டும்.

அப்புறம் ஒருவரைத் தோளில் துண்டோடு பின்னால் பதினைந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, பாடியிலிருந்து ஒரு மீட்டர் விலகி மெதுவாக முன்கதவு வரை நடக்கச் சொல்லுங்கள். பெரிய கண்ணாடியிலிருந்து மறையும்முன் சின்னதில் வந்திருக்கவேண்டும். சின்னதிலிருந்து மறையும்முன் நேராகக் கதவுக் கண்ணாடி வழியாகத் தெரியவேண்டும். நடுவில் ஒரு அடி எடுத்துவைக்கும் நேரம் காணாமல் போனாலும் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு மறுபடி திருப்புங்கள். எங்களுக்கு இதற்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. நடந்த பையனுக்கு மூன்று தேன்குழல் கொடுக்கவேண்டியதாயிற்று.

வண்டி நிற்கும்போது மைனா வந்து கண்ணாடியைக் கொத்துகிறது, எச்சமும் போடுகிறது.

அதில் தெரியும் தன்னையே வேற்றுப் பறவை என்று நினைத்துச் சண்டை போடுகிறது. விரட்டினால் திரும்பி வரும். கோயிலில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சப்பையை இரண்டு கண்ணாடிக்கும் கவிழ்த்து, சரடால் கட்டிவிடுங்கள். எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியைக் கொஞ்சநேரம் போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள். பையைக் கட்டியவர் சாவிக்கொத்திலும் ஒரு சரடு கட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒருதடவை இடது பக்கம் பையோடு கோட்டையூர் வரை போய்விட்டோம்.